மண்ணைச் சுரண்டும் அக்காக்கள்!

போளூரில் பஸ் ஏறி, ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குப் போயிருக்கிறீர்களா? வளைந்து வளைந்து ஏறும் பாதை. வழியில் பஸ் நின்றால் சும்மா இருப்பீர்களா? கீழே குதித்து, புளியங்காய் பொறுக்க ஓடிவிடுவீர்கள். ஆடு மேய்க்கும் பையன், தப்பிய ஆட்டைத் துரத்திக்கொண்டு புதருக்குள்ளேயே புகுந்துவிடுவான். ‘அங்கே காலை வைக்காதே!’ என்று யாரும் அலற மாட்டார்கள். (பாம்பைப் பார்த்தால் அலறுவார்கள், அது வேறு விஷயம்!)

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர், அந்த அலறலைக் கேட்டே வளர்ந்தார்கள். 1983-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. துப்பாக்கிச் சத்தம் நின்றது. ஆனால், இரண்டு தரப்பும் புதைத்து வைத்த மிதிவெடிகள் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. போர் முடிந்த செய்தியை அவற்றிடம் யார் போய்ச் சொல்வது?

மிதிவெடி என்பது கையில் அடங்கும் சின்ன டப்பா. மண்ணில் லேசாகப் புதைத்திருப்பார்கள். மிதித்தால் போதும், வெடிக்கும். இருபது, முப்பது வருடம் ஆனாலும் வெடிக்கும். சிப்பாயின் காலா, சின்னப் பையனின் காலா என்று அது பார்ப்பதில்லை.

போர் முடிந்தபோது ஏறக்குறைய 3 லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்ப வேண்டுமானால், வயலிலும் கிணற்றடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் வெடி இருக்கக் கூடாதே! ஒரு நாடு தனியாகச் செய்து முடிக்கிற வேலையா இது? இந்தியா தன் செலவில் குழுக்களை அனுப்பியது. அதில் போனவர்களில் பலர் நம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். பிரிட்டனின் ‘ஹேலோ டிரஸ்ட்’, ‘மேக்’ என்ற அமைப்புகள் 2002-லேயே அங்கே வந்துவிட்டன. அமெரிக்கா, ஜப்பான், நார்வே போன்ற நாடுகள் பணம் கொடுத்தன.

பணம் வெளியில் இருந்து வந்தது, சரி. மண்ணில் மண்டியிட்டவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே! அவர்களில் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் அக்காக்களும் உண்டு. உடம்புக்குக் கனமான கவசம், முகத்துக்குக் கண்ணாடி போன்ற மூடி. வெயிலோ கொளுத்தும். எதிரே, ஆபத்தான இடத்தைக் காட்டும் சிவப்புக் குச்சிகள். உலோகம் இருந்தால் ‘கீ...’ என்று கத்தும் கருவியை மண்மேல் ஆட்டிப் பார்ப்பார்கள். சில இடங்களில், நாம் சருகு வாருவோமே, அதுபோன்ற வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார்கள். அவசரமே கூடாது. நீங்கள் கிரிக்கெட் ஆடும் மைதானம் அளவு இடத்துக்கே பல மாதம் ஆகலாம்!

மிதிவெடி ஒன்றைச் செய்வதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்; அதைத் தேடி எடுக்க ஆகும் செலவு அதைப்போலப் பல மடங்கு. அதனால் பணம் நின்றால் வேலையும் நின்றுவிடும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளைத் திடீரென நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் வெடி எடுப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

மிதிவெடியே வேண்டாம் என்று 1997-ல் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. இலங்கை 2017-ல் அதில் சேர்ந்தது. (நம் நாடு இன்னும் சேரவில்லை.) சேர்ந்த நாடு, பத்து ஆண்டுகளுக்குள் தன் மண்ணைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது விதி.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ‘யாழ்தேவி’ ரயில் 1990-ல் நின்று போயிருந்தது. அந்தப் பாதையைப் புதிதாகப் போட இந்தியா கடன் கொடுத்து உதவியது. முதலில் வெடிகளை எடுத்து, அப்புறம்தான் தண்டவாளம்! 2014 அக்டோபரில், 24 வருடம் கழித்து, ரயில் யாழ்ப்பாணத்துக்குள் கூவிக்கொண்டு நுழைந்தது. வழியில் முகமாலை என்ற ஊர். உலகிலேயே மிகப் பெரிய மிதிவெடி வயல்களில் ஒன்று அங்கேதான் இருந்தது. ரயில் அந்த ஊரைத் தாண்டி ஓடத் தொடங்கிய பிறகும், அங்கே அக்காக்கள் மண்டியிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.