ஒத்துக்கொள்ளாத குளிசையும் ஓயாத இழுப்பும்

தலையிடி, காய்ச்சல், நாரி உளைவு என்றால் கடையில் இரண்டு குளிசை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போவது எமது வழக்கம். சொந்தக் காணியையும் கிணற்றையும் விட்டு வந்து, பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு மண்வெட்டி பிடிக்கும் குடும்பத்துக்கு, ஒருநாள் வேலை போனால் அன்றைய உலையும் போய்விடும். ஆகவே நோவை அடக்கும் குளிசை பலருக்குத் துணையாக உள்ளது. ஆனால் ஒரு சிலருக்கு அதே குளிசை மூச்சை அடைக்கின்றது. சிலவேளை உயிரையே பறிக்கின்றது. அப்படியான ஒரு வருத்தத்தைப் பற்றியே இங்கு விளக்குகின்றோம்.

இது என்ன வருத்தம்?

இதனை 'அஸ்பிரின் ஒவ்வாத ஆஸ்துமா' எனலாம். மூன்று குறிகள் இதில் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, முட்டு அல்லது இழுப்பு. இரண்டாவது, மூக்கினுள் வளரும் மென்மையான சதை. இதனால் மூக்கு எந்நேரமும் அடைத்திருக்கும், மணம் தெரியாது. மூன்றாவது, அஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த நோக்குளிசைகளும் ஒத்துக்கொள்ளாமை.

அஸ்பிரின் 1899 இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. இந்த மூன்று குறிகளையும் ஒன்றாகச் சேர்த்து 1922 இல் எடுத்துக்காட்டியவர் பிரான்சைச் சேர்ந்த வைத்தியர் விடால். நெருப்புக் காய்ச்சலுக்குச் செய்யப்படும் 'விடால்' இரத்தப் பரிசோதனைக்குப் பெயர் தந்தவரும் இவரே. பின்னர் 1968 இல் அமெரிக்காவில் சாம்ரர், பியர்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் இதனை விரிவாக எழுதிய பின்னரே உலகம் கவனித்தது.

ஆஸ்துமா உள்ள வளர்ந்தோர் 100 பேரில் ஏறக்குறைய 7 பேருக்கு இவ்வருத்தம் உண்டு. ஆகவே முட்டு உள்ள எல்லோருக்கும் இது இருப்பதாக எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

உடலுக்குள் நடப்பது யாது?

எமது உடலில் ஒரே மூலப்பொருளிலிருந்து இருவகைச் சுரப்புகள் உண்டாகின்றன. ஒருவகை நோவையும் காய்ச்சலையும் உண்டாக்கினாலும், அதில் ஒரு பகுதி மூச்சுக்குழாயைக் காக்கின்றது. மற்றவகை மூச்சுக்குழாயை இறுக்கி, வீங்கச் செய்து, சளியைப் பெருக்குகின்றது. அஸ்பிரின் முதல்வகையை அடைத்துவிடுகின்றது. ஒரு வாய்க்காலை மறித்தால் மற்ற வாய்க்காலில் வெள்ளம் பெருகுவது போல, இவர்களது உடலில் இரண்டாம் வகை கட்டுக்கடங்காமல் பெருகுகின்றது. குளிசை போட்டு அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு அடைத்து ஒழுகும், கண் சிவக்கும், நெஞ்சு இறுகி இழுப்பு வரும்.

கண்டுபிடிப்பது ஏன் கடினம்?

இவ்வருத்தம் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதளவில் தொடங்குகின்றது. அதுவரை அஸ்பிரின் எந்தத் தீங்கும் செய்யாதிருந்திருக்கும். ஆகவே "முன்பெல்லாம் போட்ட குளிசைதானே" என்று எவரும் அதனைச் சந்தேகிப்பதில்லை. அத்தோடு தடிமன், காய்ச்சலுக்கே குளிசை போடுகின்றோம். பின் வரும் இழுப்புக்குத் தடிமனையோ, சூடடிப்புத் தூசியையோ, அடுப்புப் புகையையோ குறை சொல்லிவிடுகின்றோம்.

இதனைக் காட்டித்தரும் இரத்தப் பரிசோதனையோ தோற்பரிசோதனையோ கிடையாது. பெரிய வைத்தியசாலையில், வைத்தியரின் கண்காணிப்பில், மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. இதனை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாது. எனவே வைத்தியருக்கு மிகவும் உதவுவது நோயாளி சொல்லும் விபரமே. எந்தக் குளிசை, எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு இழுப்பு வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். மணம் தெரியாமற் போனதையும் சொல்லுங்கள். மூச்சு முட்டுக்குக் காசநோய், இருதய வருத்தம் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆகவே நாமே முடிவு கட்டாமல் கிளினிக்குக்குப் போவது அவசியம்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

இவ்வருத்தம் உள்ளவர்கள் அஸ்பிரின் (டிஸ்பிரினும் இதுவே), ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், மெபனமிக் அமிலம், நப்புறொக்சன், இன்டோமெதசின் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். குளிசையாக விழுங்கினாலும், ஊசியாக ஏற்றினாலும், மலவாசலில் வைத்தாலும் விளைவு ஒன்றே. நோவுக்குப் பூசும் ஜெல்லைக்கூட வைத்தியரிடம் கேட்டே பாவியுங்கள்.

பரசிற்றமோல், அதாவது பனடோல், பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆயினும் இவர்களுள் சிலருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஒன்றாகப் போட்டாலும் இழுப்பு வரலாம். ஒருமுறைக்கு எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு காரணத்தால் ஆஸ்துமாவைக் கூட்டும் மருந்துகளும் உள்ளன. பிரசருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கப்படும் புறொப்பிரனலோல், அற்றினலோல் என்பனவும், கண் அழுத்தத்துக்கு விடும் ரிமோலோல் துளியும் அத்தகையவை. கண்ணில் விடும் துளி நெஞ்சை இறுக்கும் என்று யார் நினைப்பார்? ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும் "எனக்கு முட்டு உண்டு" என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஆனால் இருதய வருத்தத்துக்கு வைத்தியர் தந்த அஸ்பிரினையோ வேறு மருந்தையோ இக்கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவும் உயிராபத்தே.

இடம்பெயர்ந்தோருக்கு விசேட கவனம்

ஊரில் இருந்தபோது எமது வைத்தியருக்கு எம்மைத் தெரியும். எந்த மருந்து எவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவர் நினைவில் இருந்தது. இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியும் போயிற்று. அந்த நினைவும் போயிற்று. புதிய இடத்தில் ஒவ்வொரு முறையும் வேறொரு வைத்தியர். மருந்தும் சிலவேளை பெயர் எழுதாத சிறு உறையில் வருகின்றது. ஆகவே அந்த நினைவை நாமே சுமக்க வேண்டும்.

1. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஒரு மட்டையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதுவித்து, அடையாள அட்டையுடன் வையுங்கள். கிளினிக் கொப்பியின் மேலட்டையிலும் சிவப்பு மையால் எழுதுவியுங்கள்.

2. கம்பனிப் பெயரை அல்ல, மருந்தின் பொதுப்பெயரை எழுதுங்கள். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் வருகின்றது. எமது நாட்டில் 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமாயிருந்த பேராசிரியர் சேனக பிபிலே, பொதுப்பெயரை வலியுறுத்தியதன் பயனை இங்கும் காணலாம்.

3. பெயரில்லாத உறையை வாங்காதீர்கள். பெயரை எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.

4. மழைக்காலக் காய்ச்சலுக்கு இந்த நோக்குளிசைகளை எவருமே பாவிக்கக் கூடாது. அது டெங்கு ஆயின் இரத்தக் கசிவு ஏற்படும்.

மூச்சு முட்டினால்

நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து இருக்கச் செய்யுங்கள். இழுப்பைத் தணிக்கும் நீலப் பம்மை ஒவ்வொன்றாக 4 முறை அடித்து இழுக்கச் செய்யுங்கள். இடைக்குழாய் இல்லாவிடின் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலைக் கழுவி உலர்த்தி, அடியில் பம்மின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, போத்தல் வாயால் இழுக்கலாம். இது கடையில் வாங்கும் குழாய்க்கு ஈடாகச் சிறுவரிடம் வேலை செய்வதை 1999 இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வு காட்டியது.

ஒரு வசனத்தை முழுமையாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், மயக்கம் வந்தால் தாமதிக்க வேண்டாம். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வரும்வரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பம்மைத் தொடருங்கள். போட்ட குளிசையின் உறையையும் கையோடு கொண்டு போங்கள்.

இந்த வருத்தத்துடன் நெடுங்காலம் வாழலாம், வயலும் செய்யலாம். தினமும் இழுக்கும் தடுப்புமருந்தைச் சுகமாயிருக்கும் நாளிலும் விடாதிருப்பதும், ஒத்துக்கொள்ளாததை ஒதுக்குவதுமே தேவை. வாசிக்க முடியாத முதியவர்கள் பலர் எம்மிடையே உள்ளனர். பங்கின் இளைஞர்களும் மாதர் குழுவினரும் வீடு வீடாகச் சென்று அவர்களுக்கு இந்த மட்டையை எழுதிக் கொடுப்பார்களாயின், அதுவும் ஓர் அயலவர் அன்பே.