கெடுத்த சக்கரமும் திருத்தும் கையும்

கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற ஜீப் பாதைக்கு ஆபத்து வந்தபோது, அதைக் காப்பாற்ற மண்வெட்டியுடன் இறங்கினார்கள் ஜீப்காரர்கள்.

அது சாலைதான் என்பதற்கு அரசாங்கக் கோப்பு மட்டுமே சாட்சி. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கிரானைட் பாறைகள், செங்குத்துச் சரிவுகள், நடுவே குறுக்கிடும் ஓடைகள். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியானாலும் நடப்பவரை முந்திவிட முடியாது. மாட்டிக்கொண்டால் மரத்தில் கயிற்றைக் கட்டி, வின்ச் உதவியால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ள வேண்டும்.

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரில் லேக் டாஹோவை நோக்கிச் செல்லும் இந்த ரூபிகான் பாதை சுமார் 35 கிலோமீட்டர் நீளமானது. அதில் உண்மையான சோதனை 19 கிலோமீட்டர்தான். எல்டொராடோ மாவட்ட நிர்வாகம் இதைப் பொதுச் சாலையாக அறிவித்தது 1887இல். அன்று குதிரை வண்டிகள் ரூபிகான் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுக்கு விருந்தாளிகளை ஏற்றிச் சென்றன. 1953இல் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு வருமானம் தேட ஜீப் பவனி ஒன்றை நடத்தினார்கள். அந்த ‘ஜீப் ஜம்போரி’ ஆண்டுதோறும் தொடர, பாதையின் புகழ் பரவியது. ஜீப் நிறுவனம் தன் ராங்ளர் வண்டியின் ஒரு ரகத்துக்கு ரூபிகான் என்றே பெயரிட்டது. 2020இல் அது இந்தியச் சந்தைக்கும் வந்தது.

புகழ் கூட்டத்தைக் கொண்டுவந்தது. கூட்டம் அசுத்தத்தைக் கொண்டுவந்தது.

பாதைக்கு நடுவே ஸ்பைடர் லேக் என்றொரு ஏரி. வண்டிகளை நிறுத்தி இரவு தங்க அருமையான இடம். கழிப்பறை மட்டும் அப்போது இருக்கவில்லை. குழி தோண்டிப் புதைக்கலாம் என்றால் மேலே கொஞ்சம் மண், கீழே முழுக்கப் பாறை. விளைவு, மனிதக் கழிவும் கசங்கிய காகிதமும் ஏரியைச் சுற்றிக் கிடந்தன. சுகாதாரக் கேடு என்று 2004இல் மாவட்ட நிர்வாகம் அந்தப் பகுதியை மூடியது. 2009இல் மாநில நீர்த் தர வாரியத்தின் மத்தியப் பள்ளத்தாக்குப் பிரிவு இன்னும் கடுமையான உத்தரவைப் பிறப்பித்தது: பாதையிலிருந்து ஓடைகளுக்குச் செல்லும் வண்டல், எண்ணெய், கழிவு ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். உத்தரவு மாவட்டத்துக்கும் வனத் துறைக்கும் வந்தது. ஆனால் நிறைவேற்றாவிட்டால் பாதையை இழக்கப்போவது யார் என்பதில் ஜீப்காரர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நல்லவேளையாக அவர்களிடம் ஏற்கெனவே ஒரு படை தயாராக இருந்தது. 2001இல் டெல் ஆல்பிரைட் என்பவர் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி ரூபிகான்’ என்ற பெயரில் பல்வேறு ஃபோர் வீல் டிரைவ் கிளப்புகளை ஒன்று சேர்த்திருந்தார். வார இறுதியில் உல்லாசமாகப் பாறை ஏற வந்தவர்கள், அதே வார இறுதியில் கடப்பாரையும் கையுறையுமாகக் கூலியின்றி வேலைக்கு வந்தார்கள்.

என்ன வேலை? பாறையை உடைத்துப் பாதையைச் சமமாக்குவதல்ல. சமமாகிவிட்டால் பிறகு யார் வருவார்கள்? அவர்களுடைய உண்மையான எதிரி தண்ணீர். சக்கரம் பதித்த தடம் மழையிலும் பனி உருகும் காலத்திலும் வாய்க்காலாகிவிடும். சரிவில் வேகமெடுக்கும் நீர் மண்ணை அரித்து ஓடையில் சேர்க்கும். வண்டல் படிந்தால் ஓடையின் அடியில் மீன் முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே சரிவின் குறுக்கே, நம் வயல் வரப்பைப் போல, கல்லாலும் மண்ணாலும் மேடு கட்டி நீரைப் பாதையிலிருந்து பக்கவாட்டில் திருப்பிவிடுகிறார்கள். திரும்பிய நீர் வேகம் தணிந்து மண்ணைக் கீழே விட்டுச் செல்ல ஒரு பள்ளம். ஓடையைக் கடக்கும் இடத்தில் சக்கரம் சேற்றைக் கலக்காதபடி இரு கரைகளிலும் கல் பாவுகிறார்கள்.

அடுத்த வேலை குறுக்கு வழிகளை அடைப்பது. கடினமான பாறைக்கு முன்னால் ஒருவர் தயங்கிப் பக்கத்துப் புல்வெளி வழியே சுற்றிப் போனால், அடுத்து வரும் பத்துப் பேருக்கும் அதுவே பாதை. அந்தத் தடத்தைப் பாறாங்கல்லாலும் விழுந்த மரங்களாலும் மறித்துவிட்டால், நாளடைவில் புல் மீண்டும் தலையெடுக்கும். நுழைவாயிலில் நின்று வருகிறவர்களிடம் கழிவுப் பைகளைக் கொடுப்பதும், சிந்திய எண்ணெயை உறிஞ்சும் பொருட்களை எடுத்துப் போகச் சொல்வதும் தொண்டர்களின் பணிதான். பாறையில் மோதி எஞ்சினின் அடிப்பாகம் உடைந்தால் லிட்டர் கணக்கில் எண்ணெய் கொட்டிவிடும்.

இந்த உழைப்புக்குப் பண மதிப்பும் உண்டு. சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்கென்று கலிஃபோர்னியா 1971இலேயே தனிச் சட்டம் இயற்றியது. வண்டிப் பதிவுக் கட்டணமும் எரிபொருள் வரியில் ஒரு பங்கும் தனி நிதியில் சேர்கின்றன. அதிலிருந்து மானியம் பெறுபவர்கள் தங்கள் பங்கையும் காட்ட வேண்டும். தொண்டர்கள் உழைத்த மணி நேரத்தையே அந்தப் பங்காகக் கணக்குக் காட்டலாம். எனவே மண்வெட்டியை எடுக்கும் முன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து அவசியம்.

விமர்சனமும் இல்லாமலில்லை. மலையில் வண்டியே கூடாது என்பது சுற்றுச்சூழல்வாதிகள் சிலரின் கட்சி. கெடுத்தவர்களே திருத்துவதை என்ன பெரிய தொண்டாகக் கொண்டாடுவது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. தொண்டர்களின் நோக்கத்தில் சுயநலம் கலந்திருப்பதும் உண்மை. ஆனால் ஆள் நடமாட்டமில்லாத மலையில் ஒவ்வொரு வளைவிலும் காவலர் ஒருவரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. சக ஓட்டுநர் கண்டித்தால் உறைக்கிற அளவு அபராதச் சீட்டு உறைப்பதில்லை.

இந்தியாவுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2022இல் லடாக்கின் பாங்காங் ஏரித் தண்ணீரில் சுற்றுலாப் பயணிகள் கார் ஓட்டிய வீடியோ கண்டனத்துக்குள்ளானது. 2023 டிசம்பரில் இமாசலத்தின் லாஹௌலில் சந்திரா நதிக்குள் வண்டியை இறக்கியவருக்குப் போலீஸ் அபராதம் விதித்தது. ஆஃப் ரோடு கிளப்புகள் இங்கும் பெருகிவருகின்றன. மலையேறும் வண்டியில் ஒரு மண்வெட்டிக்கும் இடமிருக்கிறது. அதை எப்போது எடுப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்: தடை உத்தரவு வருவதற்கு முன்பா, பின்பா?