டிராக்டர் பேட்டரி சார்ஜர்: பராமரிப்பு முறை

மழை பெய்து ஈரம் கிடைத்த சமயத்தில் பேட்டரி இறங்கி டிராக்டர் கிளம்பாவிட்டால் உழவு தள்ளிப்போகும். இதற்காகவே சார்ஜர் வாங்கி வைத்திருக்கும் விவசாயிகள் அதன் பராமரிப்பையும் அறிந்திருப்பது நல்லது. சார்ஜரில் உள்ள டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைக்கிறது. டயோடுகள் அதை டி.சி. மின்சாரமாக்கி 12 வோல்ட் பேட்டரிக்கு ஏற்றுகின்றன.

சார்ஜர் வேலை செய்யவில்லையெனில் முதலில் பார்க்க வேண்டியது பியூஸ். பிளஸ், மைனஸ் கிளிப்புகளை மாற்றி மாட்டினாலே அது போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே ஆம்பியர் பியூஸையே போடவும். அவசரத்துக்குக் கையில் கிடைத்த கம்பியைச் சுற்றுவோர் உண்டு. அடுத்த முறை பியூஸுக்குப் பதில் டயோடு எரியும். டிரான்ஸ்பார்மரும் எரிந்தால் புது சார்ஜரே வாங்க வேண்டியதுதான்.

பியூஸ் நன்றாக இருந்தால் கிளிப்புகளைக் கவனிக்கவும். பச்சை பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த நீரில் துடைத்து, காய்ந்தபின் வாசலின் தடவலாம். பெட்டியின் காற்றுத் துளைகளில் தூசி அடையக்கூடாது.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். சிறு பொறி பட்டாலும் பேட்டரி வெடித்து அமிலம் கண்ணில் தெறிக்கலாம். ஆகவே கிளிப்புகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகே கழற்ற வேண்டும். மூடிய அறை கூடாது. பக்கத்தில் பீடியும் கூடாது.