ரசீதின் பின்பக்கம்

சலவைக் கடையில் துணி போட்டால் ஒரு ரசீது தருகிறார்கள். முன்பக்கத்தில் வேஷ்டி இரண்டு, ரவிக்கை மூன்று, புடவை ஒன்று என்று கணக்கு எழுதியிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர் அரியர். பார்த்தவரிலும் படித்தவர் அதனினும் அரியர். எறும்புச் சாரை போல் அங்கே ஊர்ந்து செல்லும் பொடி எழுத்துக்களில்தான் கடைக்காரர் தமக்கு வேண்டிய கோட்டை கொத்தளங்களையெல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறார். துணி சாயம் போனால் பொறுப்பில்லை, கிழிந்தால் பொறுப்பில்லை, காணாமற் போனால் பாதி விலைதான் கிடைக்கும்.

இந்த எழுத்துக்கள் நம்மைக் கட்டுப்படுத்துமா? வாசகர்களில் பெரும்பாலோர், "அச்சடித்துக் கொடுத்துவிட்டானே, இனி என்ன செய்வது?" என்று பெருமூச்சு விட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அவ்வாறு இருந்துவிடாத ஒருவருடைய வழக்கைத்தான் நாம் முதலில் சொல்லப் போகிறோம்.

சென்னையில் ஒரு சலவை நிலையத்தில் 220 ரூபாய் பெறுமானமுள்ள புடவை ஒன்று வெளுக்கப் போடப்பட்டது. போன புடவை திரும்பவில்லை. நிலையத்தார் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொருள் தொலைந்தால் அதன் சந்தை விலையில் பாதிக்கு மேல் கேட்க வாடிக்கைக்காரருக்கு உரிமையில்லை என்று அங்கே அச்சிட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி 110 ரூபாய். வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரையில் சென்றது. 1966-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் வெளியான அந்தத் தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரி மாணவர்கள் படித்து வருகிறார்கள்.

ஹைகோர்ட்டு அந்த ஷரத்தை ஏற்க மறுத்துவிட்டது. மறுத்த காரணம் குடும்ப ஸ்திரீகள் எல்லோருக்கும் உடனே விளங்கக் கூடியது. இப்படி ஒரு ஷரத்து செல்லுமானால், சலவைக்காரர் புதுப் புடவைகளைப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? நல்ல புடவையாகப் பார்த்து, "தொலைந்துவிட்டது" என்று சொல்லிப் பாதிப் பணத்தை எண்ணி வைத்தால் தீர்ந்தது. அஜாக்கிரதைக்கு அபராதம் விதிப்பதற்குப் பதிலாக அதற்குச் சன்மானம் கொடுத்ததாகிவிடும். பொது நன்மைக்கு விரோதமான ஒரு நிபந்தனை, ரசீதில் அச்சிட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் செல்லுபடியாகிவிடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இதற்கு ஆதாரம் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. உடன்படிக்கையின் நோக்கமோ, கைம்மாறோ பொது நன்மைக்கு விரோதமானது என்று கோர்ட்டு கருதினால் அந்த உடன்படிக்கை செல்லாது என்று அப்பிரிவு கூறுகிறது. சட்டத்தை இயற்றியவர் வெள்ளைக்காரர். சலவைக்காரரின் ரசீதை மனத்தில் வைத்துக்கொண்டா அவர்கள் அதை எழுதியிருப்பார்கள்? இல்லை என்றே தோன்றுகிறது. ஆயினும் பழைய கத்திக்குப் புதுச் சாணை பிடிக்க நம் நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

1986-இல் சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சாணையை இன்னும் நன்றாகவே பிடித்தது. கல்கத்தாவில் சர்க்காருக்குச் சொந்தமான ஒரு நீர்வழிப் போக்குவரத்துக் கம்பெனி. நிரந்தர ஊழியரையும் மூன்று மாத நோட்டீஸ் அல்லது மூன்று மாதச் சம்பளம் கொடுத்து, காரணமே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அதன் விதி. வேலை வேண்டுமானால் இதற்குச் சம்மதிக்க வேண்டும். இல்லையேல் வேலை இல்லை. இத்தகைய சம்மதம் சம்மதமே அல்ல என்று கோர்ட்டு முடிவு செய்தது. பலசாலி ஒருவர், பலமற்றவர் ஒருவர். புள்ளிக் கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவதைத் தவிரப் பலமற்றவருக்கு வேறு வழியில்லை. ஷரத்தோ மனச்சாட்சிக்கு ஒவ்வாதது. அப்படிப்பட்ட இடத்தில் கோர்ட்டு அந்த ஷரத்துக்கு உயிர் கொடுக்காது. சமபலமுள்ள இரண்டு வியாபாரிகள் பேரம் பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இந்தச் சலுகை கிடையாது என்றும் கோர்ட்டு அப்போதே சொல்லி வைத்தது.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கு "வண்டியின் பொறுப்பு சொந்தக்காரருடையதே" என்ற வாசகம் நன்கு பழக்கமானது. 1998-இல் டில்லியில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு வந்தவர் தம் மாருதி காரையும் சாவியையும் வாசலில் இருந்த சிப்பந்தியிடம் ஒப்படைத்து உள்ளே சென்றார். நள்ளிரவுக்குப் பின் வெளியே வந்தால் காரைக் காணோம். வேறு யாரோ சாவியை எடுத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்! ஹோட்டல்காரர் காட்டியது மேற்படி வாசகம் அச்சிட்ட சீட்டை. 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பொருளைப் பொறுப்பேற்று வாங்கிக்கொண்டவர், தம்மிடத்தில் அஜாக்கிரதை இல்லை என்று முதலில் காட்ட வேண்டும். சீட்டைக் காட்டிவிட்டு நழுவ முடியாது.

அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில் வீடு வாங்குவோருக்கும் ஒரு நல்ல தீர்ப்புக் கிடைத்தது. குருகிராமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு ஒருவர் நான்கு கோடியே எண்பத்து மூன்று லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தார். ஒப்பந்தத்தைப் பாருங்கள்: வாங்குபவர் தவணை தவறினால் வட்டி 18 சதவீதம், கட்டுபவர் வீட்டைத் தராமல் இழுத்தடித்தால் அவர் கொடுப்பதோ 9 சதவீதம்! ஒரு தராசுக்கு இரண்டு படிக்கல். வாங்குபவரை முப்பது நாள் நோட்டீஸில் கழற்றிவிடலாம். அவர் விலக விரும்பினாலோ, கெடு முடிந்து, சலுகைக் காலமும் கழிந்து, அதற்கு மேல் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஒருதலையான இந்த ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்றும், இத்தகைய ஷரத்துக்களைப் புகுத்துவதே நேர்மையற்ற வியாபார முறை என்றும் கோர்ட்டு கூறி, பணம் வட்டியுடன் திரும்ப வழி செய்தது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1996-இல் ஒரு கூரியர் கம்பெனி வழக்கு. ஜெர்மனிக்கு அனுப்பிய ஏற்றுமதித் தஸ்தாவேஜுகள் போய்ச் சேரவில்லை. அனுப்பியவருக்கு நாலு லட்ச ரூபாய்க்கு மேல் நஷ்டம். நூறு டாலருக்கு மேல் பொறுப்பில்லை என்ற சீட்டில் அவர் கையெழுத்திட்டிருந்தார். நூறு டாலர்தான் கிடைத்தது. அனுப்பியவர் வியாபாரி, கையெழுத்தும் அவருடையது. புடவைக்குக் கிடைத்த இரக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' இன்னது என்று தானே வரையறுத்திருக்கிறது. இச்சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அளவு மீறிய முன்பணம் கேட்பது, நேர்ந்த நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம், கடனைக் கெடுவுக்கு முன்பே உரிய தொகையுடன் தீர்க்க வந்தாலும் வாங்க மறுப்பது, தக்க காரணமின்றி ஒரு பக்கத்தார் மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வது முதலியவை அதில் அடங்கும். டெலிபோன் திரையில் "சம்மதம்" என்ற பொத்தானைத் தட்டுகிறோமே, அதுவும் இக்காலத்துப் புள்ளிக் கோடுதான்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கத் தக்கது. தொலைந்த புடவைக்கு நஷ்டஈடு கேட்க ஜில்லா நுகர்வோர் கமிஷனே போதும். ஆனால் ஒரு ஷரத்தை நியாயமற்றதென்று சொல்லிச் செல்லாததாக்கும் அதிகாரத்தை இச்சட்டம் ராஜ்யக் கமிஷனுக்கும் தேசியக் கமிஷனுக்குமே வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறது. நம் ராஜ்யக் கமிஷன் சென்னையில் இருக்கிறது. மதுரையிலும் அதற்கு ஓர் அமர்வு உண்டு.