ரம்பையும் கறிவேப்பிலையும்: ஒரே கட்டில் இரண்டு வியாபாரம்

எமது சில்லறைக் கடைகளில் ரம்பையையும் கறிவேப்பிலையையும் ஒரே றப்பர் பட்டியில் கட்டி வைத்து விற்பது பழைய வழக்கம். வாங்க வருபவரும் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார். இதனால் இரண்டும் ஒரே வகைச் சரக்கு என்ற எண்ணம் எம்மவர்களில் பலருக்கு உண்டு. வளரும் விதம், பறித்த பின் தாங்கும் காலம், வெளிநாட்டுச் சந்தையில் உள்ள தடை என எதை எடுத்தாலும் இவை இரண்டும் வேறு வேறு சரக்குகள். வீட்டு வளவில் கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது, எதையாவது நடலாமா என்று கேட்பவர்கள் முதலில் இதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கறிவேப்பிலை வெயிலின் பிள்ளை. தோடை, எலுமிச்சை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது. நாள் முழுதும் வெயில் படவேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. புத்தளம், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போன்ற உலர் வலயப் பகுதிகளில் இது திடமாக வளர்வதைக் காணலாம். ஈர வலயத்தில் மேட்டு நிலம் பார்த்து நட்டால் குறையில்லை. தென்னையின் கீழே, சுவர் நிழலில் வைத்தால் கொப்பு மட்டும் நீண்டு இலை ஐதாகிவிடும்.

ரம்பை இதற்கு நேர்மாறு. அரை நிழலும் ஈரமும் அதற்குப் போதும். கடும் வெயிலில் இலை மஞ்சளித்து நுனி கருகும். எமது மூத்தவர்கள் கிணற்றடியில், குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் இதை நட்டது காரணத்தோடுதான். ரம்பைப் பற்றைக்குப் பாம்பு வரும் என்று சொல்லி வீட்டுப் பக்கம் வைக்க விடாத தாய்மார் இன்றும் உள்ளனர். ஈரமும் அடர்த்தியும் உள்ள எந்தப் பற்றைக்கும் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பும் வரும். வாசனைக்கு வருகிறது என்பது வெறும் பேச்சு.

நாற்று விடயத்திலும் வித்தியாசம் உண்டு. கறிவேப்பிலையின் பழம் கறுத்துப் பழுத்தவுடன் சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். காயவைத்துப் பக்குவமாக எடுத்து வைத்த விதை முளைக்காது. பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து எழும் கன்றுகளைப் பிரித்து நடுவது எளிது. ரம்பைக்கு விதை என்ற பேச்சே இல்லை. அது பூப்பதே மிக அரிது, விதை தருவதில்லை. அடியிலிருந்து வரும் பக்கக் கன்றை வெட்டி நட்டால் போதும். ஆகவே ரம்பைத் தோட்டம் தொடங்குவதற்குக் கன்றுச் செலவு சொற்பம். அயல் வீட்டில் கேட்டாலே கிடைக்கும்.

வருமானம் எப்போது வரும் என்பதுதான் எமக்கு முக்கியம். கறிவேப்பிலையை முதல் வருடம் தொடாமல் விடவேண்டும். நுனியைக் கிள்ளி, பக்கக் கொப்புகளை விட்டு, இடுப்பளவு உயரத்தில் புதராக வைத்திருந்தால் பறிப்பதும் சுலபம், துளிரும் கூடும். பூங்கொத்து வந்தால் ஒடித்துவிடுங்கள், மரத்தின் பலம் இலைக்குப் போகட்டும். ரம்பையில் அடி இலைகளை மட்டும் அறுத்து, உச்சிக் குருத்தைத் தொடாமல் விட்டால் அது தொடர்ந்து தந்துகொண்டே இருக்கும். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்ட அந்த இடைக்காலத்தில் நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டை நாம் கண்டோம். வீட்டு வளவில் அரிசி கழுவிய தண்ணீரிலும் மீன் கழுவிய தண்ணீரிலும் வளரும் இவ்விரு செடிகளுக்கும் அந்தக் கவலை இருக்கவில்லை.

பூச்சி விடயத்துக்கு வருவோம். ரம்பையை அநேகமாக எதுவும் தொடுவதில்லை. கறிவேப்பிலைக்கோ எலுமிச்சை மரத்தின் எதிரிகள் எல்லாம் எதிரிகளே. பச்சைப் புழு இலையைத் தின்கிறது. அதைக் கையால் பொறுக்கிவிடலாம். துளிரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சிறு பூச்சிதான் பெரிய தலையிடி. தோடைச் செடிகளை அழிக்கும் பச்சையாகும் நோயைப் பரப்புவதும் இதே பூச்சி. அமெரிக்காவின் புளோரிடாவில் 1998இல் இப்பூச்சியும் 2005இல் அந்நோயும் கண்டுபிடிக்கப்பட்டன. அதன் பின் அங்கு தோடை விளைச்சல் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தோடை வளர்க்கும் நாடுகள் பச்சைக் கறிவேப்பிலையைச் சந்தேகத்துடன் பார்ப்பதன் காரணம் இதுதான். எம் சகோதரர்கள் பயணப் பெட்டியில் ஒரு கட்டைச் சொருகிக்கொண்டு போய் விமான நிலையத்தில் பறிகொடுப்பதும் இதனால்தான்.

பூச்சிக்குப் பயந்து மருந்து அடித்தால் அடுத்த சிக்கல். இந்தியக் கறிவேப்பிலையை மருந்து எச்சத்துக்காகக் கூடுதலாகப் பரிசோதிக்க வேண்டிய பண்டங்களின் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியில் வைத்தது. எமது சரக்கும் அதே கண்ணால் பார்க்கப்படாது என்று யார் சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்த ஓர் ஏற்றுமதியாளர் சொன்னார்: "நானா, ரம்பைப் பெட்டி போனால் நிம்மதியாகத் தூங்குவேன். கறிவேப்பிலைப் பெட்டி போனால் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்." மருந்தடித்த இலையைச் சமையலுக்குக் கொடுப்பது உள்ளூர் வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகமும்தான். தோட்டக்காரரிடம் கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள் என்று கேட்காமல் வாங்கும் பழக்கம் மாற வேண்டும்.

கொள்வனவில் இன்னொரு நுணுக்கம். விடியற்காலைப் பனியோடு பறித்த கறிவேப்பிலையை நிறுத்து வாங்கினால் நீங்கள் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள். மாலைக்குள் நிறை இறங்கிவிடும், ஈரத்தோடு பொதி செய்தால் மறுநாள் கறுத்துவிடும். உலர்த்தி, ஈர்க்கோடு சேர்த்து வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ரம்பை ஒரு கிழமைக்கும் அசையாது. சிறு கடைக்காரருக்கு இந்த வித்தியாசம்தான் இலாபமும் நட்டமும்.

பயன்பாட்டில் கறிவேப்பிலைக்கு விற்பனை வேகம் அதிகம். தாளிப்பு, சம்பல், இலைக் கஞ்சி, தலைக்குப் பூசும் எண்ணெய் என்று அன்றாடம் தேவைப்படுகிறது. ரம்பை சிறு துண்டுதான் போகிறது, ஆனால் நெய்ச் சோறும் புரியாணியும் இறைச்சிக் கறியும் அது இல்லாமல் இல்லை. கல்யாண வீட்டுச் சஹன் சோற்றுக்குச் சமையற்காரர்கள் கட்டுக் கட்டாக வாங்குவார்கள். பாசுமதி அரிசிக்கு மணம் தரும் 2-அசற்றைல்-1-பைரோலின் என்ற பொருளே ரம்பையிலும் இருக்கிறது. சாதாரணச் சம்பா அரிசியில் ஓர் இலையைப் போட்டால் வீடு மணப்பதன் இரகசியம் இதுவே. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மக்கள் இதன் சாற்றைப் பிழிந்து பலகாரத்துக்கும் கேக்குக்கும் பச்சை நிறமும் மணமும் ஏற்றுகிறார்கள். எமது வெதுப்பகங்கள் இப்பக்கம் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. போத்தலில் வரும் கேவ்டா வாசனை நீரை ரம்பைச் சாறு என்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு. அது தாழம்பூவிலிருந்து வடிப்பது. பெரும்பாலும் இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கஞ்சம் பகுதியிலிருந்து வருகிறது.

அரைக்கும் ஆலை வைத்திருப்பவர்கள் இரண்டையுமே விட முடியாது. எமது நாட்டு வறுத்த கறித்தூளில் கொத்தமல்லி, சீரகத்தோடு இவ்விரு இலைகளும் சேர்கின்றன. விற்காமல் தங்கும் இலையைக் கழிவாக வீசாமல் அன்றே நிழலில் காயவைத்து ஆலைக்குக் கொடுக்கும் கடைக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். பச்சை இலையின் மணம் முழுதாக நிற்காது, விலையும் குறைவுதான். ஆனால் குப்பைக் கூடைக்குப் போவதை விட அது மேல்.

என்னைக் கேட்டால், ஈர வலயத்தில் வளவு உள்ளவர் ரம்பையில் தொடங்கட்டும். தென்மேல் பருவமழை இறங்கும் மே மாதம் கன்று பிரித்து நட ஏற்றது. உலர் வலயத்தவர் கறிவேப்பிலைக் குழியை முன்கூட்டியே வெட்டி எருவிட்டு, ஒக்டோபர் மழையோடு கன்றை வைக்கலாம். இரு சாராருமே நடுவதற்கு முன் வாங்கப்போகும் கடைக்காரரிடமோ, பேலியகொடை மெனிங் சந்தை வியாபாரியிடமோ கிழமைக்கு எத்தனை கிலோ எடுப்பார் என்று பேசிக்கொள்ளுங்கள்.