மாரிக்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்

சொந்த ஊரில் எமது பிள்ளைகளுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்தவில்லை. எந்த வாய்க்கால் முதலில் பெருகும், எந்தத் திட்டியில் தண்ணீர் ஏறாது என்பதை அப்பு ஆச்சியோடு வயலுக்குப் போய்வந்தே அறிந்துகொண்டார்கள். இடம்பெயர்ந்தபோது அந்த அறிவு ஊரோடு நின்றுவிட்டது. இன்று குடியிருக்கும் இடத்தின் மேடு பள்ளம் எமக்கே சரியாகத் தெரியாது. ஆகவே ஐப்பசி மழைக்கு முன் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் கற்போம்.

முதலாவது, வழி. வீட்டிலிருந்து மேட்டுநிலத்திலுள்ள பாடசாலைக்கோ கோவிலுக்கோ பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து காட்டுவோம். மறுமுறை பிள்ளை எம்மைக் கூட்டிச்செல்லட்டும். அரை அடி ஆழமான தண்ணீரும் வேகமாக ஓடினால் ஆளை விழுத்திவிடும். ஓடும் நீரில் இறங்கக்கூடாது என்பதை வாய்க்காலருகே நின்றே சொல்லுவோம்.

இரண்டாவது, பெயர். "எந்த ஊர்?" என்று கேட்டால் எமது பிள்ளைகள் பழைய ஊரையே சொல்லுவார்கள். கூட்டத்தில் தவறினால் அது போதாது. தாய் தகப்பனின் பெயரோடு, இப்போது இருக்கும் இடத்தின் பெயரும் மனப்பாடமாக வேண்டும்.

மூன்றாவது, பொறுமை. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. சூறாவளியின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று சற்று அடங்கும்; பின் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோளும் ஓர் அலையோடு முடியவில்லை. பெரியவர்கள் சொல்லும்வரை திரும்பி ஓடக்கூடாது என்பது இதிலுள்ள பாடம்.

நான்காவது, தொடாமை. போர் நடந்த நிலங்களில் வெள்ளம் கண்ணிவெடிகளை இடம்மாற்றக்கூடும். தண்ணீர் வற்றியபின் கிடக்கும் தெரியாத பொருளைத் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லப் பழக்குவோம்.

இவற்றைப் பயமுறுத்திச் சொல்லவேண்டாம். இடம்பெயர்வைக் கண்ட பிள்ளைகள் பயத்தை ஏற்கெனவே அறிவார்கள். என்ன செய்யலாம் என்பதைத்தான் அவர்கள் அறியவேண்டும். விளையாட்டாகச் செய்து பார்ப்போம்: மணி அடித்ததும் மூத்த பிள்ளை தம்பியின் கையைப் பிடிக்கட்டும், அடுத்த பிள்ளை அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் உள்ள பையை எடுத்துத் தரட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் பாட்டாகப் பாடவைக்கலாம்.

பழைய ஊரை மறக்கும்படி நாம் சொல்லவில்லை. திரும்பிப் போகும் நாள்வரை எமது பிள்ளைகளைக் காக்கப்போவது இந்த இடத்தைப் பற்றிய அறிவே.