வடக்கே காடு எரிகிறது, அடியில் மண் இளகுகிறது

சைபீரியாவின் வடக்கே உள்ள சிற்றூர் வெர்கோயான்ஸ்க். குளிர்காலத்தில் மைனஸ் 67 டிகிரி வரை பதிவான இடம். 2020 ஜூன் 20 அன்று அதே ஊரில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே பதிவானதில் இதுவே அதிகம் என உலக வானிலை அமைப்பு பின்னர் உறுதி செய்தது.

பனி நாட்டில் காடு எப்படித் தீப்பிடிக்கும் என்று நமக்குத் தோன்றலாம். ஜூன் மாதத்தில் அங்கே இரவிலும் சூரியன் மறைவதில்லை. மழையும் குறைவு. மரத்தடியில் பாசியும் சருகும் காய்ந்து கிடக்கும்போது ஒரு மின்னல் போதும். 2021இல் யாகூட்டியா பகுதியில் எரிந்த காட்டின் புகை வட துருவம் வரை போனது.

ஆனால் எரியும் மரங்களைவிடக் கவலை தருவது அவற்றின் அடியில் உள்ள மண். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் இதைப் பெர்மாஃப்ராஸ்ட், அதாவது நிரந்தர உறைமண் என்கிறார்கள். கோடையில் மேல்பகுதி மட்டும் சிறிது இளகி, மறுபடி உறையும். அதற்குக் கீழே சூடு இறங்காமல் காப்பது, தரையில் கம்பளிபோலப் படர்ந்திருக்கும் பாசிதான். தீ அந்தக் கம்பளியை எரித்துவிடுகிறது. கருகிய தரை வெயிலை உறிஞ்சுகிறது. இளக்கம் ஆழத்துக்குப் போகிறது. மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகினால் தரையே அமிழும். வெர்கோயான்ஸ்க் வட்டாரத்திலேயே பதகைக்கா என்றொரு பெரும்பள்ளம் இருக்கிறது, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு. அதற்குத் தீகூடத் தேவைப்படவில்லை. 1960களில் மரங்களை வெட்டியதில் தொடங்கியது, இன்னும் விரிந்துகொண்டே போகிறது.

வடக்கின் உறைமண்ணில், மக்காமல் கிடக்கும் செடிகொடி மிச்சங்களில், சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். காற்றில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குர்பானி இறைச்சி வைத்த ஃப்ரிட்ஜில் கரண்ட் போனால் என்ன ஆகுமோ அதுதான் அங்கும் நடக்கிறது. நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. கரியமில வாயுவும், சேறான இடங்களில் மீத்தேனும் வெளியேறுகின்றன. அவை பூமியை மேலும் சூடாக்க, மேலும் மண் இளகும்.

இந்த மண்ணின் மேல் ஊர்களும் இருக்கின்றன. உலகின் வடகோடிப் பள்ளிவாசல்களில் ஒன்று உள்ள நோரில்ஸ்க் நகரில், 2020 மே 29 அன்று ஒரு மின் நிலையத்தின் டீசல் தொட்டி, தாங்கிய தூண்கள் அமிழ்ந்ததால் உடைந்தது. சுமார் 20,000 டன் டீசல் கொட்டி, ஆம்பர்னயா ஆறு சிவந்து ஓடியது. உறைமண் இளகியதே காரணம் என்றது நிறுவனம். கட்டுமானக் குறைகளையும் விசாரணை சுட்டிக்காட்டியது. அந்த நகரின் கட்டடங்களில் பெரும்பாலானவை இதே உறைமண்ணில் இறக்கிய தூண்கள் மேல்தான் நிற்கின்றன.